ஈஸி லிசனிங், சாஃப்ட் பாப், கிளப் ரெக்கார்டு: சேகரிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ரெக்கார்டு சேகரிக்கிறேன் என்றால் "ஜாஸா, ராக்கா?" என்றுதான் கேட்பார்கள். வயலின் கூட்டம் வாசிக்கும் ஈஸி லிசனிங், குரல்கள் அடுக்கடுக்காக வரும் சாஃப்ட் பாப், ஆடுவதற்கென்றே வெட்டிய 12 அங்குல கிளப் ரெக்கார்டு, இந்த மூன்றும்தான் என்று பதில் சொன்னால் கேள்விகள் வரிசையாக வரும். அப்படி வந்தவற்றையும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒன்று தூங்க வைக்கும், இன்னொன்று ஆட வைக்கும். மூன்றையும் ஒரே ஆள் எப்படி ரசிக்க முடியும்?

மூன்றையும் இணைப்பவர் அரேஞ்சர். மெட்டு ஒருவருடையது, பாடுவது இன்னொருவர். எந்த இடத்தில் வயலின் நுழைய வேண்டும், எங்கே புல்லாங்குழல் ஒதுங்க வேண்டும், பேஸ் கிட்டார் எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, ஒவ்வொரு கலைஞருக்கும் தாளில் எழுதிக் கொடுப்பவர்தான் அரேஞ்சர். அட்டையின் முன்பக்கத்தில் அவர் பெயர் இருக்காது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. இந்த மூன்று வகையையும் சேர்த்து வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்தப் பொடி எழுத்தைப் படித்துத்தான் வாங்குகிறார்கள்.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். 1964-இல் ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய 'யூ'வ் லாஸ்ட் தட் லவ்விங் ஃபீலிங்' பாடலுக்கு அரேஞ்சர் ஜீன் பேஜ். பத்தாண்டு கழித்து, 1974 பிப்ரவரியில், பாரி வைட்டின் லவ் அன்லிமிடட் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த 'லவ்'ஸ் தீம்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதிலும் ஜீன் பேஜின் கை உண்டு. அந்த இசையில் பாட்டு வரியே கிடையாது. வயலின்களை மட்டும் கேட்டால் சுத்தமான ஈஸி லிசனிங். கீழே டிரம்மையும் வா-வா கிட்டாரையும் கேட்டால் டிஸ்கோ. அது எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று யோசித்துப் பார்த்தவருக்கு, அலமாரிகளைப் பிரித்ததே தப்பு என்று தோன்றிவிடும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஆர்க்கெஸ்ட்ரா நடத்திய பெர்சி ஃபெய்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் அவர் வாசித்த 'எ சம்மர் பிளேஸ்' படத்தின் தீம் இசை ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. ஈஸி லிசனிங் என்றதும் பலருக்கு நினைவு வருவதே அதுதான். 1976-இல் காலமாவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, அதே இசையை டிஸ்கோ தாளத்தில் அவரே மறுபடி பதிவு செய்தார். ஒரு மனிதர், ஒரே மெட்டு, இரண்டு அறைகள்.

ஈஸி லிசனிங் என்பது எப்போது, எப்படி வந்தது?

நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்.பி.யை 1948-இல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும் தட்டு வந்ததும், எழுந்து போய் மாற்றாமல் ஒரு மனநிலையில் உட்கார்ந்து கேட்கும் இசைக்கு வழி பிறந்தது. 1951-இல் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் மாண்டோவானியின் 'ஷார்மெய்ன்' வந்தது. அந்த அருவி போன்ற வயலின் ஒலியை உருவாக்கியவர் அவருடைய அரேஞ்சர் ரொனால்ட் பிஞ்ச். வயலின்காரர்களைப் பல குழுக்களாகப் பிரித்து, மெட்டின் ஸ்வரங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, அடுத்தவர் தொடங்கிய பிறகும் தன் ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். ஒரு ஸ்வரம் ஓய்வதற்குள் அடுத்தது வந்து மேலே படியும். எதிரொலிக் கருவி எதுவும் வேண்டாம், பெரிய தேவாலயத்துக்குள் வாசிப்பது போலக் கேட்கும். எழுதும் முறையாலேயே எதிரொலியைக் கொண்டுவந்த சாமர்த்தியம் அது.

1950களின் கடைசியில் ஸ்டீரியோ எல்.பி. கடைக்கு வந்தது. வீட்டில் புதிதாக வாங்கிய இரண்டு ஸ்பீக்கரையும் விருந்தாளிக்குப் போட்டுக் காட்ட வேண்டுமே! அதற்காகவே எனோக் லைட் கமாண்ட் என்ற தன் லேபிளில் (ரெக்கார்டு வெளியிடும் நிறுவனத்தில்) 1959-இல் 'பெர்சுவேசிவ் பெர்கஷன்' வெளியிட்டார். போங்கோ என்ற கைமுரசு இடப்பக்கம், மணியோசை வலப்பக்கம் எனத் தாவும். அந்த அட்டையில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளை வரைந்தவர் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ். இசைக்காக வாங்காதவர்கள்கூட அட்டைக்காக வாங்குகிறார்கள், அதில் தவறே இல்லை.

கடையிலும் லிஃப்டிலும் ஓடுகிற பின்னணி இசைதானே இது?

இல்லை. லிஃப்ட் இசை என்று பெயர் வாங்கிய மியூசாக் நிறுவனம் 1934-இல் தொடங்கியது. அலுவலகத்துக்கும் ஆலைக்கும் இசையைக் கம்பி வழியே அனுப்பி, வேலை செய்பவர்களின் சுறுசுறுப்பை 15 நிமிடத் தொகுப்புகளாக ஏற்றி இறக்கிப் பார்த்த நிறுவனம் அது. கவனத்தை இழுக்கக் கூடாது என்பதே அதன் விதி. எஸ்கிவெல் போன்ற ஒருவர் செய்தது அதற்கு நேர் எதிர். மெக்சிகோவிலிருந்து வந்த அவர், பியானோ, விசில், 'சூ-சூ' என்று அர்த்தமில்லாமல் பாடும் குரல்கள், திடீரென்று வெடிக்கும் பித்தளைக் கருவிகள் எல்லாவற்றையும் ஸ்டீரியோவின் இரு முனைகளிலும் நிறுத்தி விளையாடியவர். அதைப் பின்னணியில் ஓடவிட்டுச் சாப்பிடக்கூட முடியாது, தலை தானாகத் திரும்பும். 1994-இல் அவருடைய பழைய பதிவுகளின் தொகுப்பு ஒன்று வந்ததும் ஒரு புதிய தலைமுறையே அவரைத் தேடத் தொடங்கியது. 2002 வரை உயிரோடு இருந்ததால் அந்த மரியாதையை அவரால் பார்க்க முடிந்தது. அதில் எனக்கு இன்றும் ஒரு நிறைவு.

தொலைதூரத் தீவுகளைக் கற்பனை செய்து வாசித்த எக்ஸாட்டிகா ரெக்கார்டுகளை வைத்திருப்பது சங்கடமாக இல்லையா?

அட்டைகள் சங்கடம்தான். காணாத தீவு, முகமூடி, அரைகுறை உடையில் பெண் என்று, மேற்கத்திய வரவேற்பறையில் இருந்தபடி கற்பனை செய்த வேறோர் உலகம் அது. அங்கே வாழ்ந்த மக்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை மறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் தட்டுக்குள் இருக்கும் வேலை உண்மையானது. மார்ட்டின் டென்னி குழு ஹவாயில் ஒரு திறந்தவெளி பாரில் வாசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் குளத்துத் தவளைகள் இசையோடு சேர்ந்து கத்தின. இசை நின்றதும் அவையும் நின்றன. குழுவினர் வேடிக்கையாகப் பறவைக் குரல் எழுப்பிச் சேர்ந்துகொள்ள, அதுவே அவர்கள் அடையாளமாகிவிட்டது. லெஸ் பேக்ஸ்டர் எழுதிய 'குவைட் வில்லேஜ்' அந்தப் பறவைக் குரல்களோடு 1959-இல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. வைப்ரஃபோன், பியானோ, தாளம், வாயால் எழுப்பும் பறவை ஒலி, அவ்வளவுதான். அவ்வளவு குறைவான கருவிகளில் ஒரு காட்டையே நிறுத்தியிருக்கிறார்கள்.

சாஃப்ட் பாப்பில் விற்காமல் போன, ஓடாத ரெக்கார்டுக்குத்தான் மதிப்பு என்கிறார்களே, ஏன்?

ஓடியது லட்சக்கணக்கில் அச்சானது, எங்கும் கிடைக்கும். ஓடாதது கொஞ்சம்தான் இருக்கிறது. இது எல்லா வகை ரெக்கார்டுக்கும் பொருந்தும். சாஃப்ட் பாப்பில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. 1967, 68-இல் இளைஞர்களின் காது சத்தமான கிட்டாருக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில், மிகச் சிறந்த ஸ்டுடியோ கலைஞர்களை வைத்து, ஐந்தாறு குரல்களைப் பூத்தொடுப்பது போலக் கோத்து, மெல்லிய பாடல்களைப் பதிவு செய்தார்கள். திறமைக்கும் செலவுக்கும் குறைவில்லை, கேட்கத்தான் ஆள் இல்லை.

ரோஜர் நிக்கல்ஸ் 'ஸ்மால் சர்க்கிள் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்' என்ற பெயரில் ஏ அண்ட் எம் லேபிளில் வெளியிட்ட ஆல்பம் அப்படித்தான் சத்தமில்லாமல் போனது. பிறகு அவர் பால் வில்லியம்ஸோடு சேர்ந்து ஒரு வங்கி விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டார். அதை முழுப் பாடலாக்கி 1970-இல் கார்ப்பென்டர்ஸ் பாடியதுதான் உலகமே அறிந்த 'வீ'வ் ஒன்லி ஜஸ்ட் பிகன்'. அந்தப் பாடலைக் கேட்டுவிட்டுப் பின்னோக்கிப் போய் முதல் ஆல்பத்தைக் கேளுங்கள், அதே கைவண்ணம் இன்னும் வெகுளியாக இருக்கும்.

ஃப்ரீ டிசைன் குழுவினர் உடன்பிறந்தவர்கள். 1967-இல் 'கைட்ஸ் ஆர் ஃபன்' என்று பட்டம் விடுவதைப் பற்றிப் பாடினார்கள். குழந்தைப் பாட்டு போலத் தொடங்கும். உற்றுக் கேட்டால், குரல்கள் போகிற வழி ஜாஸ் படித்தவர்களுக்கே சவால் விடும். அவர்கள் பாடிய பிராஜெக்ட் 3 லேபிளை நடத்தியவரும் மேலே சொன்ன எனோக் லைட்தான். பொடி எழுத்தைப் படியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இவற்றையெல்லாம் ஜப்பானியர்கள்தான் காப்பாற்றினார்கள் என்பது உண்மையா?

பெருமளவு உண்மை. 1990களில் டோக்கியோவின் ஷிபுயா பகுதி ரெக்கார்டு கடைகளைச் சுற்றி வளர்ந்த இசைக்கு ஷிபுயா-கேய் என்று பெயர். பிசிகாட்டோ ஃபைவ், ஃபிளிப்பர்ஸ் கிட்டார் போன்ற குழுவினர் முதலில் ரெக்கார்டு பைத்தியங்கள், அப்புறம்தான் இசைக்கலைஞர்கள். அமெரிக்க இசையமைப்பாளர் பர்ட் பேக்கராக்கின் மெட்டு, பிரெஞ்சு பாப், பிரேசிலின் போசா நோவா, டிஸ்கோ எல்லாவற்றையும் ஒரே பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அவர்கள் எதிலிருந்து எடுத்தார்கள் என்று தேடிப் போன ரசிகர்களால் மூல ஆல்பங்கள் மறுபடி உயிர் பெற்றன.

பின்னாளில் திசை மாறியது. மரியா தாகேயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்' 1984-இல் வந்த ஜப்பானியப் பாடல். 2017-இல் யூடியூபில் யாரோ ஏற்றிய பதிவு வழியே உலகமெங்கும் பரவி, சிட்டி பாப் என்ற அந்த ஜப்பானிய நகர்ப்புற பாப் ரெக்கார்டுகளை எல்லா நாட்டுச் சேகரிப்பாளர்களும் தேட ஆரம்பித்தார்கள்.

12 அங்குல சிங்கிளில் அப்படி என்ன விசேஷம்?

இடம். எல்.பி.யின் ஒரு பக்கத்தில் ஐந்தாறு பாடல்களை நெருக்கி வெட்ட வேண்டும். 12 அங்குல சிங்கிளில் ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. ஊசி ஓடும் வரிகள் தாராளமாக விலகி நிற்கலாம். பேஸ் ஒலிக்கு வரி அகலமாக அலைய வேண்டும், அதற்கு இடம் கிடைக்கிறது. அதனால் சத்தமும் கூடும், அடித்தளமும் கனக்கும்.

இது பிறந்ததே தற்செயலாகத்தான். 1970களின் நடுவில் நியூயார்க்கில் ரீமிக்ஸ் கலைஞர் டாம் மோல்டன் ஒரு பாடலின் மாதிரித் தட்டை வெட்டப் போனபோது 7 அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்திருந்தது. பொறியாளர் பெரிய தட்டில் வெட்டிக் கொடுத்தார். பாட்டு விளிம்பில் ஒரு சின்ன வளையமாக நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்று வரிகளை அகலப்படுத்தச் சொன்னார் மோல்டன். ஒலியைக் கேட்டதும் இருவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. 1976-இல் சால்சோல் லேபிள், டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்' பாடலை டிஜே வால்டர் கிப்பன்ஸின் மிக்ஸில் 12 அங்குலமாகக் கடைக்கே கொண்டுவந்தது. பாட்டை நீட்டி, டிரம்மைத் தனியே விட்டு, மறுபடி வயலினைச் சேர்க்கும் கலை அங்கிருந்து வளர்ந்தது. ரீமிக்ஸ் செய்பவர் என்னைப் பொறுத்தவரை இன்னொரு அரேஞ்சர். தாளில் எழுதாமல் டேப்பில் எழுதுகிறார்.

ரெக்கார்டைப் போடாமலே பார்த்துச் சொல்கிறார்களே, எப்படி?

விளக்கொளியில் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் கறுப்பு ஒரே கறுப்பாக இருக்காது. எல்லாக் கருவிகளும் சேர்ந்து முழங்கும் இடத்தில் வரிகள் ஆழ்ந்து அலைந்து, சாம்பல் பூத்தது போல வெளிறித் தெரியும். இசை மெலிந்து, தாளமும் பேஸும் மட்டும் நிற்கும் இடம் கறுத்த பட்டையாக இருக்கும். டிஜேக்கள் இருட்டில் சின்ன விளக்கை வைத்து அந்தப் பட்டையைக் கண்டுபிடித்து ஊசியை வைப்பார்கள்.

என்னிடம் ஒரு டிஸ்கோ 12 அங்குலம் இருக்கிறது. தட்டின் நடுவில் ஒட்டிய லேபிள் தாளில் நீலப் பேனாவால் 118 என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறது. 118 என்பது நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்ற கணக்கு. நடு ஓட்டையைச் சுற்றி நூல் நூலாகக் கோடுகள். இருட்டில் அவசரமாகத் தட்டை மாட்டும்போது பிளேயரின் நடு முளை உரசி விழுந்தவை. பாட்டு தொடங்கும் முதல் வரி தேய்ந்து, இரண்டு விநாடி மணலைத் தேய்ப்பது போன்ற சத்தம், அப்புறம் தெளிவாகிவிடும். முன்னும் பின்னும் கையால் அசைத்து ஆரம்பத்தைப் பிடித்த தேய்மானம் அது. அதைவிடச் சுத்தமான பிரதி ஒன்று பிறகு கிடைத்தது. வாங்கவில்லை.

கிளப் டிஜேக்கள் ஏன் மென்மையான பாப் ரெக்கார்டுகளையும் வாங்குகிறார்கள்?

நல்ல டிஜேக்கள் எப்போதும் வாங்கியிருக்கிறார்கள். 1970-இல் நியூயார்க்கில் தன் வீட்டிலேயே 'லாஃப்ட்' என்ற நடன விருந்தைத் தொடங்கிய டேவிட் மான்குசோ, ரெக்கார்டை முதலிலிருந்து கடைசி வரை முழுதாக ஓடவிடுபவர். இரவை மெதுவாகத் தொடங்கி, ஏற்றி, கடைசியில் மெல்ல இறக்குவார். இறக்குவதற்கு மென்மையான இசை வேண்டும்.

1980களின் நடுவில் ஸ்பெயினின் இபிசா தீவில், அம்னீசியா என்ற கிளப்பில், ஆல்ஃபிரெடோ என்ற டிஜே விடியும் வரை இசைத்தார். ஹவுஸ், ரெகே, பாப், கிட்டார் இசை எல்லாம் அடுத்தடுத்து வரும். 1987 கோடையில் அதைக் கேட்க நேர்ந்த லண்டன் டிஜேக்கள் சிலர் ஊர் திரும்பி அதே மனநிலையைப் பரப்பினார்கள். இபிசா இருக்கும் பாலியாரிக் தீவுகளின் பெயரால், பாலியாரிக் என்று இன்று சொல்வது அதைத்தான். அது ஒரு தாளத்தின் பெயரோ ஆண்டின் பெயரோ அல்ல, வெயில் ஏறும் நேரத்தில் எது பொருந்தும் என்ற காதின் பெயர்.

நடனத்துக்கென்றே இடைவெளியில்லாமல் பாடல்களைக் கோத்த முன்னோடி, யாரும் எதிர்பார்க்காத ஜெர்மானியர் ஜேம்ஸ் லாஸ்ட். 1965-இல் தொடங்கிய அவருடைய 'நான் ஸ்டாப் டான்சிங்' ரெக்கார்டுகளில் பாட்டுக்குப் பாட்டு நிற்காது, நடுவே விருந்தினர்களின் ஆரவாரமும் கேட்கும்.

லைப்ரரி ரெக்கார்டு என்றால் என்ன?

தொலைக்காட்சி, விளம்பரம், செய்திப்படம் எடுப்பவர்களுக்காக முன்கூட்டியே பதிவு செய்து வைத்த இசை. கடையில் விற்பனைக்கு வந்ததில்லை. லண்டனின் டி வுல்ஃப், கே.பி.எம். போன்ற நிறுவனங்கள் பேர்போனவை. 1966-இல் தொடங்கிய கே.பி.எம். 1000 வரிசையில் அட்டைகள் எல்லாம் ஒரே பச்சை நிறம். உள்ளே கீத் மான்ஸ்ஃபீல்டு, ஆலன் ஹாக்ஷா போன்றவர்களின் பிரமாதமான வேலை. ஈஸி லிசனிங்கின் வயலினும் கிளப்பின் டிரம்மும் கூச்சமில்லாமல் சந்திக்கும் இடம் இது.

பழைய ரெக்கார்டு வாங்கும்போது நிலையை எப்படிக் கணிப்பது?

மின்ட் (புத்தம் புதிது), நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்) என்று இறங்குவரிசையில் தரம் போடுவார்கள். பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் போட்ட தரம். ஈஸி லிசனிங் ரெக்கார்டுக்கு அது போதாது. பலரும் அந்தக் காலத்தில் கனமான ஊசி வைத்த பெட்டி பிளேயரில் போட்டுக் கேட்டவை. தட்டு பளபளவென்றிருக்கும், ஒரு கீறல் இருக்காது, வரியின் சுவர் மட்டும் தேய்ந்திருக்கும். நியர் மின்ட் என்று நம்பி நான் தபாலில் வாங்கிய ஒன்று அப்படித்தான். வயலின் எழும்பும் ஒவ்வொரு இடத்திலும் காகிதம் கிழிவது போலச் சத்தம். மாறாக, கீறலாகத் தெரிந்த வேறொன்று நான்கைந்து 'டிக்' சத்தத்தோடு அழகாகப் பாடுகிறது. முடிந்தால் கேட்டுப் பாருங்கள். அதுவும் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டை, சத்தமான இடத்தைக் கேளுங்கள். மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்கு வேலை கடினமாகும், தேய்மானம் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

கிளப் ரெக்கார்டு சத்தமாக வெட்டியது என்பதால் சின்ன இரைச்சலை விழுங்கிவிடும். விஜி நிலையில் தாராளமாக வாங்கலாம். மெல்லிய குரல் பாடும் சாஃப்ட் பாப்பில் அந்தச் சலுகை கிடையாது.

மூலப் பதிப்பா, மறுபதிப்பா?

கேட்பதற்கு என்றால், பொறுப்பாகச் செய்த மறுபதிப்பு போதும். சாஃப்ட் பாப்பில் பல மறுபதிப்புகள் மூலத்தைவிட அமைதியாக ஓடுகின்றன, கூடவே நல்ல குறிப்பேடும் கிடைக்கிறது. டிஸ்கோ 12 அங்குலத்தில் எனக்கு மூலம்தான் பிடிக்கும். பாட்டு முடிந்த பிறகு லேபிளுக்கு முன்னால் இருக்கும் வெற்று வளையத்தைப் பாருங்கள். தட்டை வெட்டிய பொறியாளர் தன் எழுத்தையோ ஸ்டுடியோ பெயரையோ கீறியிருப்பார். யார் வெட்டினார் என்பது ஒலியை மாற்றும். உரிமையில்லாமல் அச்சிட்ட திருட்டுப் பிரதிகளும் உலவுகின்றன. அந்த வளையத்தில் இருக்கும் எண்ணை, ரெக்கார்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எந்தப் பழைய பெட்டியைத் திறந்தாலும் அதே டிரம்பெட்காரர் ஹெர்ப் ஆல்பர்ட்தான். அதில் கேட்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 1965-இல் வந்த 'விப்ட் க்ரீம் அண்ட் அதர் டிலைட்ஸ்' அறுபது லட்சத்துக்கும் மேல் விற்றது, அதனால்தான் எங்கும் கிடைக்கிறது. அட்டையில் க்ரீமால் மூடிய ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் சவர நுரை, விளக்குச் சூட்டில் க்ரீம் உருகிவிடும் என்பதால். அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். உள்ளே டிரம்மும் இரட்டை டிரம்பெட்டும் எவ்வளவு நெருக்கமாக, உலர்ந்த ஒலியில் பதிவாகியிருக்கின்றன என்று ஒருமுறை கேளுங்கள். அரிதாக இருப்பதால் ஒரு ரெக்கார்டு நல்லதாகிவிடாது, மலிவாகக் கிடைப்பதால் மோசமாகிவிடாது.

பராமரிப்பு?

நிமிர்த்தி வையுங்கள், அடுக்காதீர்கள், சூடு படாமல் பாருங்கள். பழைய காகித உள்ளுறையை மாற்றுங்கள். அழுக்கை டிஸ்டில்டு வாட்டரும் மென்மையான பிரஷும் போக்கும். ஊசி தேய்ந்திருந்தால் மற்ற எல்லாம் வீண்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரே பாட்டை மூன்று அறைகளில் கேளுங்கள். பேக்கராக்கும் ஹால் டேவிட்டும் எழுதிய 'வாக் ஆன் பை'. 1964-இல் டியோன் வார்விக் பாடியது மூன்று நிமிடத்துக்கும் குறைவு, ஒரு கண்ணீர்த் துளி அளவு. அதையே ஏதாவதொரு வயலின் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த ஈஸி லிசனிங் பிரதியில் தேடிப் பிடியுங்கள், மலிவுப் பெட்டியில் நிச்சயம் இருக்கும். அப்புறம் 1969-இல் ஐசக் ஹேய்ஸ் அதைப் பன்னிரண்டு நிமிடமாக நீட்டியது. வயலின் அலை எழுந்து, கிட்டார் உறுமி, தாளம் விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றையும் ஒரே மாலையில், விளக்கைக் குறைத்து, வரிசையாகப் போடுங்கள். மூன்றாவது முடிந்ததும் முதல் தட்டை மறுபடி எடுத்துப் போடுங்கள். இதுவரை பின்னால் எங்கேயோ கேட்ட அந்தப் பியானோ இப்போது முன்னால் வந்து நிற்கும்.